‘சோரோ’: எது அசல் மாலி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த மாலிப் பாடகர் சாலிஃப் கெய்தாவின் ‘சோரோ’ (1987) இசைத்தொகுப்பைக் கேட்டேன். குரல் உலுக்கிவிட்டது. ஆனால் சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் சேர்த்து, மாலி நாட்டு இசையைப் பாரிஸ் ரசனைக்கு வளைத்துவிட்டார்கள் என்றே தோன்றியது. 2002இல் வெளிவந்த அவருடைய ‘மொஃபூ’ தொகுப்பில் அல்லவா அசல் மாலி இருக்கிறது?

க.

அன்புள்ள க.,

டிரம் மெஷினைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்த ஓசைக்கு இன்று வயதாகிவிட்டது. ஆனால் கலப்பு பாரிஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் தொடங்கவில்லை. கெய்தா இளமையில் பாடிய ரெயில் பேண்ட், மாலியின் தலைநகர் பமாகோவின் ரயில் நிலைய ஹோட்டலில் 1970 முதல் வாசித்த குழு. மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டே மக்களுடைய பழைய வீரப்பாடல்களும் கியூப நடன இசையும் மின்கிட்டாரும் டிரம்பெட்டும் அங்கே ஒரே மேடையில் ஒலித்தன. அதற்கும் முன்பே, 1960களில், மாலி அரசு தன் இளைஞர்களை இசை பயில ஹவானாவுக்கு அனுப்பியிருந்தது. ‘சோரோ’வைத் தயாரித்த இப்ராஹிமா சிலாவும் மேற்கு ஆப்பிரிக்கர்தான்.

‘அசல்’ என்ற சொல் என்னை உறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கெய்தா என்பது 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் குலப்பெயர். அந்தச் சமூகத்தில் பாடுவது ஜெலி எனப்படும் பாணர் குலத்தின் உரிமை. அரச குலத்தவர் பாடலைக் கேட்க வேண்டியவர்களே தவிர, பாட வேண்டியவர்கள் அல்லர். நிறமிக் குறைபாட்டால் வெண்தோலுடன் பிறந்ததால் ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட அவர், அந்த மரபையும் மீறித்தான் பாட வந்தார். மரபு அப்படியே காக்கப்பட்டிருந்தால் உங்களை உலுக்கிய குரல் நமக்குக் கிடைத்தே இருக்காது.

பத்து நிமிடங்கள் அளவுக்கு நீளும் ‘சோரோ’ பாடலை மறுபடி கேளுங்கள். கோரா என்ற மேற்கு ஆப்பிரிக்க யாழின் நரம்பை மீட்டினால் ஒலி எழுந்த கணமே தேயத் தொடங்கும். ழான்-ஃபிலிப் ரிகியெலின் சிந்தசைசரோ சுருதிப் பெட்டியைப்போலத் தேயாமல் நிற்கிறது. அதன்மேல் கெய்தா அவசரமின்றி மேலேறுகிறார், உச்சத்தில் குரல் கரகரக்கும்வரை நிற்கிறார். பெண்கள் கோரஸாகப் பதில் பாடும்போது, ஒருவர் அழைக்கப் பலர் ஏற்கும் மாண்டே முறை சிதையாமல் இருப்பதையும் கேட்கலாம்.

‘மொஃபூ’ எனக்கும் பிடித்த தொகுப்பு. அதன் முதல் பாடலில் கெய்தாவுடன் இணைந்து பாடுபவர் கேப் வெர்டே என்ற தீவு நாட்டின் பாடகி செசாரியா எவோரா. தன் தீவின் கலப்பு மொழியான கிரியோலிலேயே பாடுகிறார்.

அன்புடன்,
ஆசிரியர்