காகம் தலையில் தட்டினால் பரிகாரம் வேண்டாம், குடை போதும்

கேள்வி: பல ஆண்டுகளாகக் காலையில் மொட்டைமாடியில் காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் வீட்டில் சாப்பிடுகிறோம். சில நாட்களாக நான் மாடி ஏறினாலே இரண்டு காகங்கள் பின்மண்டையில் தட்டுகின்றன. நேற்று ரத்தமே வந்துவிட்டது. மாமரத்தடியில் ஒரு குஞ்சு பறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. மாமியார் சனி தோஷம் என்கிறார். பரிகாரத்துக்கு ஒருவர் 7,000 ரூபாய் கேட்கிறார். கூட்டோடு கிளையை வெட்டிக் குஞ்சையும் எடுத்துப் போக இன்னொருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். என்ன செய்வது? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: இரண்டு பேருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

காகம் ஏன் தட்டுகிறது என்பதற்கான காரணம் உங்கள் மாமரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் பக்கத்தில் காகங்கள் பெரும்பாலும் கோடையில்தான் குஞ்சு பொரிக்கின்றன. குஞ்சு கூட்டை விட்டு இறங்கி, சரியாகப் பறக்கப் பழகாத அந்தச் சில வாரங்களில் தாய்க்கும் தந்தைக்கும் யாரும் வேண்டியவர் கிடையாது. தினமும் சோறு வைக்கிற கையும் குஞ்சை எடுக்க வருகிற கையாகத்தான் தெரியும். குஞ்சு பறந்து பழகியதும் தாக்குதல் தானாக நின்றுவிடும். பரிகாரக்காரர்கள் சம்பாதிப்பது இதை வைத்துத்தான். ‘மூன்று வாரத்தில் தோஷம் விலகிவிடும்’ என்பார்கள். விலகத்தான் செய்யும், பூஜை செய்யாவிட்டாலும் விலகும். உங்கள் மாமியாரின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. மனத் திருப்திக்கு அவர் கோவிலில் ஒரு விளக்கு ஏற்றட்டும். அந்த நம்பிக்கைக்கு விலைப்பட்டியல் போடுகிறவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். தோல் கிழிந்திருப்பதால் மருத்துவரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி வேண்டியதில்லை. அந்த நோய் பாலூட்டிகளுக்குத்தான் வரும், பறவைகள் அதைப் பரப்புவதில்லை. காகம் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும். ஆகவே மாடிக்குப் போகும்போது குடை பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாலே பாதி துணிச்சல் குறைந்துவிடும். கல்லை மட்டும் எறியாதீர்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளரின் குழு, 2006-இல் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு காகங்களைப் பிடித்து வளையம் இட்டு விட்டது. பல ஆண்டுகள் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காகங்கள் கூடிக் கத்தின. அவை வேறு இனம் என்றாலும் நம் ஊர்க் காகத்தின் நினைவாற்றலை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

அடுத்து, குஞ்சு. உடல் முழுக்க இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திக் குதித்தால் அது கீழே விழுந்த குஞ்சு என்று எண்ண வேண்டாம். பறக்கப் பழகுகிறது, அவ்வளவுதான். பெற்றோர் தரையிலேயே ஊட்டிவிடும். பூனை, நாய் வந்தால் மதில்மேலோ தாழ்வான கிளையிலோ தூக்கி வைத்துவிட்டு விலகிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. இறகு முளைக்காத குஞ்சாக இருந்தால், நீர் தேங்காமல் வடிந்துவிடும் ஓலைக் கூடையில் காய்ந்த புல்லைப் பரப்பி அதில் வைத்து, அதே மரத்தில் எட்டும் உயரத்தில் கட்டுங்கள். கட்டும்போது பின்னால் ஒருவர் குடை பிடிக்கட்டும். வாயைத் திறந்து பால் ஊற்றுவது, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது இரண்டும் கூடாது. குஞ்சு வாய் பிளக்கும்போது பாருங்கள், நாக்கு முடிகிற இடத்தில் ஒரு சிறு பிளவு திறந்து திறந்து மூடும். அது மூச்சுக்குழாயின் வாய். ஊற்றுகிற பால் அதற்குள்தான் போகும். அன்பாகப் பால் கொடுத்து மூச்சுத் திணறவைத்த குஞ்சுகளைத்தான் என்னிடம் அதிகம் கொண்டுவருகிறார்கள்.

ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். குஞ்சு குயிலாக இருந்தால்? ஒவ்வொரு கோடையிலும் யாராவது இதைக் கேட்கிறார்கள். குயில் கூடு கட்டாது, நம் பக்கத்தில் பெரும்பாலும் காகத்தின் கூட்டில்தான் முட்டையிடும். உங்கள் மரத்தடியில் இருப்பதன் உடலில் வெளிர்ப் புள்ளிகளோ வரிகளோ தெரிந்து, வாலும் சற்று நீண்டிருந்தால், அது இளம் குயிலாக இருக்கலாம். முழுக் கறுப்பாக இருந்தாலும் குயிலாக இருக்கலாம், இளம் ஆண்குயில்கள் காக்கைக் குஞ்சைப் போலவே தெரியும். காகம் ஏமாந்துபோகிறதே என்று இரக்கப்பட்டு அதைப் பிரித்து எடுப்பவர்கள் உண்டு. குயில் ஆயிற்றே, பழம்தானே தின்னும் என்று வீட்டில் வைத்து வாழைப்பழம் ஊட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. காகம் தன் குஞ்சுக்குக் கொடுப்பதையே இதற்கும் கொடுக்கும், இதுவும் அதைத் தின்றே வளரும். காகம் உங்களைத் தட்டுவதும் இந்தக் குயில் குஞ்சுக்காகவே இருக்கலாம். எந்தக் குஞ்சானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வளர்க்கிற காகத்திடமே விட்டுவிடுங்கள்.

கிளை வெட்டுகிறவர் ‘காக்காய்தானே, யார் கேட்பார்கள்’ என்று சொல்லியிருப்பார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகத்தைத் தீங்குயிர்ப் பட்டியலில், அதாவது கொன்றாலும் குற்றமில்லாத உயிர்களின் பட்டியலில், வைத்திருந்தார்கள் என்பது உண்மை. 2022-இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. ஆட்களுக்குத்தான் இன்னும் சேதி எட்டவில்லை. குஞ்சை எடுத்துப் போய் என்ன செய்வீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். நேரான பதில் வராது.

இவர்கள் முளைப்பதற்கு நம் அலுவலகங்களும் காரணம். அடிபட்ட காகத்துக்காக வனத்துறையைக் கூப்பிட்டால் நகராட்சியைக் கேளுங்கள் என்பார்கள். நகராட்சி கால்நடை மருத்துவமனையைக் கைகாட்டும். அங்கே போனால் காட்டுப் பறவை, வனத்துறைக் கடிதம் எங்கே என்பார்கள். மூன்று கதவும் சாத்தியிருந்தால் நான்காவதாக 3,000 ரூபாய்க்காரர் வரத்தான் செய்வார். உங்கள் குஞ்சுக்குச் சிறகு தொங்கினாலோ, நிற்க முடியாவிட்டாலோ அட்டைப் பெட்டியில் துளையிட்டு வைத்து நேராகக் கால்நடை மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள். நேரில் கொண்டுபோய் நின்றால் தட்டிக்கழிப்பது கடினம்.

சோறு வைப்பதை நிறுத்த வேண்டாம். இந்த வாரங்களில் மட்டும் மாமரத்துக்கு எதிர்ப்பக்கத்தில், கையை நீட்டினாலே வைத்துவிடக்கூடிய சன்னல் மேடைக்கு இடம் மாற்றுங்கள். உப்புச் சேராத வெறும் சோறு ஒரு பிடி, எப்போதாவது வேகவைத்த முட்டைத் துண்டு. மிக்சர், முறுக்கு, ஊறுகாய், பூசணம் பிடித்த கடலை வேண்டாம். பக்கத்திலேயே அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். காய்ந்த சப்பாத்தித் துண்டைக் காகம் அதில் முக்கி, புரட்டி, மறுபடி முக்கி, நன்றாக ஊறிய பிறகே தின்னும். கால்மணி நேரம் நின்று பார்க்கத் தகுந்த வேலை அது. சட்டி அழுக்காவதும் அதனால்தான். தினமும் தேய்த்துக் கழுவாவிட்டால் டெங்கு கொசுவுக்கு நீங்களே தொட்டில் கட்டியதாகிவிடும்.

அக்கம்பக்கத்தில் காகங்கள் கொத்தாகச் செத்து விழுந்தால் மட்டும் சோறு வைப்பதை உடனே நிறுத்துங்கள். 2021 தொடக்கத்தில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள் செத்தது பறவைக் காய்ச்சலால். அப்படி எதையாவது கண்டால் வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.