லித்தியம் அயன் பற்றரிக்குள் இருக்கும் திரவத்தைத் தீப்பிடிக்காததாக மாற்ற முடியாதா?

அந்தத் திரவத்தின் பெயர் மின்பகுபொருள். பற்றரியின் இரு முனைகளுக்கும் நடுவே லித்தியம் அயன்கள் போய்வரும் வழி அது. லித்தியம் உப்பை எரியக்கூடிய கரைப்பான்களில் கரைத்துச் செய்கிறார்கள். சரி, தண்ணீரில் கரைத்தால் என்ன? சுமார் 1.23 வோல்ற்றுக்கு மேல் தண்ணீரே ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியத் தொடங்கும். போன் பற்றரியோ 3.7 வோல்ற்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். பெற்றோலின் ஆவி சட்டென்று பற்றும், மண்ணெண்ணெய் அப்படியல்ல. பற்றரிக் கரைப்பான்களில் ஒன்றான டைமெதில் காபனேற்று சுமார் 18 பாகை செல்சியசிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். எங்கள் ஊரில் மார்கழி இரவுகூட அதைவிடச் சூடு.

அதனால் புளோரின் சேர்ந்த கரைப்பான்கள், தீயை அடக்கும் பொசுபேற்றுகள், பீங்கான் போன்ற திண்மங்கள் எல்லாம் ஆராயப்படுகின்றன. சிக்கல் இதுதான்: பொசுபேற்றைக் கூட்டினால் தீ அடங்கும், ஆனால் கிராபைற்று முனையைக் காக்கும் மெல்லிய படலம் கெட்டு, பற்றரி சீக்கிரமே தேய்ந்துவிடும்.

எரியாத மின்பகுபொருள் வந்தால் பற்றரி எரியவே எரியாது என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, அளவுமீறிச் சூடானால் பல வகைப் பற்றரிகளில் நேர்முனைப் பொருளே ஒட்சிசனை வெளியிடும்.