நடவாள் எங்கே போனார்? திருவாரூர் மாவட்ட வேலைக் கணக்கு: கேள்வி பதில்

இன்றைய பொருள், திருவாரூர் மாவட்டத்தில் ஆண் வேலையும் பெண் வேலையும் துறைவாரியாக மாறிய விதம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணை, வயல் வேலை இரண்டைப் பற்றியும் கேட்கலாம். நெல் விலை, பயிர்க் காப்பீட்டுக்கு இது இடமில்லை.

ஆய்வு மாணவி: 1991, 2001, 2011 மூன்றையும் ஒப்பிட வேண்டும். 1991 கணக்கெடுப்புப் புத்தகத்தில் திருவாரூர் மாவட்டமே இல்லையே, ஐயா?

இருக்காதம்மா. அந்தக் கணக்கெடுப்பு 1991 மார்ச்சில் முடிந்தது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது அதே ஆண்டு அக்டோபரில். நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் பிரிந்தது 1997 ஜனவரி 1. வலங்கைமான் மட்டும் தஞ்சாவூரிலிருந்து நேராக வந்து சேர்ந்தது. ஆகவே பழைய தஞ்சாவூர்ப் புத்தகத்தில் கிராமம் கிராமமாக எடுத்துக் கூட்டுங்கள். தாலுகா பெயரை நம்பாதீர்கள், எல்லை மாறியிருக்கும்.

அடுத்தது வகைகள். 1991இல் தொழில் வகை ஒன்பது. 2001, 2011 கிராம அட்டவணைகளில் நான்குதான்: சாகுபடியாளர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழில், பிற தொழிலாளர். பழைய ஒன்பதில் 1 (சாகுபடியாளர்), 2 (விவசாயத் தொழிலாளர்), 5அ (வீட்டுத் தொழில்) மூன்றையும் தனியே வைத்துவிட்டு மிச்சத்தை எல்லாம் 'பிற' என்று கூட்டுங்கள். பழைய 3ஆம் வகையில் கால்நடை, மீன்பிடி, தோட்டப்பயிர் இருந்தன. அவையும் இப்போது 'பிற'தான். முத்துப்பேட்டைப் பக்கம் மீன் பிடிப்பவரும் மன்னார்குடிப் பள்ளி ஆசிரியரும் ஒரே கட்டத்தில் இருப்பார்கள். 'பிற' கூடியதைப் பார்த்து, ஆலை வேலை பெருகியது என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று, பலர் தவறுவது இங்கேதான். 1991இன் ஒன்பது வகையும் முதன்மைத் தொழிலாளருக்கு மட்டும். குறுகிய காலத் தொழிலாளருக்கு மொத்த எண் மட்டுமே உண்டு, பிரிவு கிடையாது. எனவே 1991ஐ 2001உடன் ஒப்பிடும்போது முதன்மையோடு முதன்மை. 2001ஐ 2011உடன் ஒப்பிடும்போது இரண்டையும் கூட்டலாம்.

போட்டித் தேர்வு எழுதுபவர்: முதன்மை, குறுகிய காலம்: வித்தியாசம் என்ன சார்?

முந்தைய ஓராண்டில் 6 மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மை. குறைந்தால் குறுகிய காலம். 2011இல் அதையும் 3 முதல் 6 மாதம், 3 மாதத்துக்குக் கீழ் என்று பிரித்தார்கள்.

பத்திரிகையாளர்: ஒரு கிராமத்தில் பெண் விவசாயக் கூலிகள் 40 சதவீதம் குறைந்துவிட்டார்கள். செய்தியாகப் போடலாமா?

எதை எதால் வகுத்தீர்கள்? கற்பனையாக ஒரு ஊர். 2001இல் விவசாயக் கூலிப் பெண்கள் முதன்மையில் 200, குறுகிய காலத்தில் 100. 2011இல் முதன்மை 120, குறுகிய காலம் 180. முதன்மை மட்டும் பார்த்தால் 40 சதவீதம் சரிவு. இரண்டையும் கூட்டினால் அன்றும் 300, இன்றும் 300. ஆள் போகவில்லை, வேலை நாள் போயிருக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி இருந்தால் அதுதான் உங்கள் செய்தி, போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: 1961க்கும் 1971க்கும் நடுவே பெண்கள் வேலையை விட்டுவிட்டார்களா?

இந்தியா முழுவதும் பெண் தொழிலாளர் எண்ணிக்கை அப்போது ஏறக்குறைய பாதியானது. வயல் அப்படி மாறவில்லை, கேள்விதான் மாறியது. 1961இல் பருவ வேலையில் பெரும்பகுதிக் காலம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்திருந்தாலே போதும். 1971இல் 'முக்கிய வேலை எது' என்று முதலில் கேட்டார்கள். வீட்டு வேலை என்று பதில் வந்ததும் நடவும் களையெடுப்பும் பின்னுக்குப் போயின.

தென்காசியிலிருந்து ஒருவர்: பீடி சுற்றும் பெண்கள்?

வீட்டுத் தொழில் கட்டத்தில் தேடுங்கள். அந்த மாவட்டத்தை அறிந்தவரிடம் கேட்பது நல்லது.

நீடாமங்கலம் விவசாயி: புள்ளிவிவரம் இருக்கட்டும். நூறு நாள் வேலை வந்ததால்தான் நடவுக்கு ஆள் இல்லை. ஒத்துக்கொள்ளுங்கள்.

முந்தைய மாணவி: கூலியைக் கூட்டிக் கொடுத்தால் ஆள் வரும், ஐயா.

நீடாமங்கலம் விவசாயி: வயலில் இறங்கிப் பார்த்துவிட்டுப் பேசும்மா.

இருவரும் நில்லுங்கள். திட்டம் இந்த மாவட்டத்துக்கு வந்தது இரண்டாம் கட்டத்தில், 2007 ஏப்ரலில். அறுவடை இயந்திரம் அதற்கு முன்பே டெல்டாவில் ஓடியது. கையறுப்பில் ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து பேர். அறுப்பு, கட்டுக் கட்டுதல், களத்தில் அடித்தல், தூற்றுதல் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பங்கு, கூலியும் நெல்லாகவே வரும். பெல்ட் வண்டி, அதாவது சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம், அதே ஏக்கரை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிக்கிறது. அதில் ஓட்டுநரும் உதவியாளரும் மட்டும், இருவரும் ஆண்கள். களையெடுப்பு முழுக்கப் பெண்கள் வேலை. நட்ட மூன்றாம் நாள் மணலில் கலந்து களைக்கொல்லி விசிற ஓர் ஆண் போதும். நேரடி விதைப்பு வந்தால் நாற்றுப் பறிப்பும் நடவும் சேர்ந்து போகின்றன. நடவு இயந்திரம் வந்தால், பாய் போல வளர்த்த நாற்றைத் தட்டில் எடுத்துக் கொடுக்க இரண்டு பேர் போதும்.

அதே காலத்தில் ஆண்களுக்குத் திருப்பூர், சென்னைக் கட்டட வேலை, வெளிநாடு என்று வழி இருந்தது. உள்ளூரில் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தூக்கும் வேலையும் ஆண்களுக்கே. பெண்களுக்கு ஊரைத் தாண்டாத வேலையாக, ஆணுக்குச் சமமான கூலியில் வந்தது நூறு நாள் வேலைதான்.

விவசாயி சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. தண்ணீர் வந்ததும் எல்லா வயலும் ஒரே வாரத்தில் நடவு கேட்கும். அந்த வாரத்தில் திட்ட வேலையும் நடந்தால் ஆள் கிடைக்காதுதான். அதற்கு நடவு, அறுவடை வாரங்களில் திட்ட வேலையை நிறுத்தி வைக்கும்படி ஊராட்சியில் கேளுங்கள். ஆனால் நாற்பது நாள் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, பத்து நாளுக்கு மட்டும் ஆளைத் தேடினால் அவர் காத்திருக்க மாட்டார்.

நீடாமங்கலம் விவசாயி: வண்டி வாடகை யார் கொடுப்பது என்று சொல்லவில்லையே?

அது தனிப் பொருள்.

மன்னார்குடி வாசகர்: டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்ததால் தொழிற்சாலை வேலை போயிற்றா?

2020 சட்டம் தடுப்பது பட்டியலில் உள்ள சில தொழில்களை, ஹைட்ரோகார்பன் போல. அரிசி ஆலைக்குத் தடையில்லை.

புதியவர்: 2021 எண்கள் எங்கே கிடைக்கும்?

எடுக்கவே இல்லை. அடுத்த கணக்கெடுப்பின் ஆதார நாள் 2027 மார்ச் 1.

இன்னொருவர்: சார், 1991 முதன்மையை 2011 மொத்தத்தோடு ஒப்பிட்டேன், பெண்கள் வேலை நன்றாகக் கூடியிருக்கிறது...

முதன்மையோடு முதன்மை. முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.