வேலையை விட்டுவிட்டு எம்.டெஸ். படிக்கப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. சிவில் இன்ஜினீயரிங் படித்தவன். காரைக்குடியில், பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பித்து விடுதிகளாக மாற்றும் நிறுவனத்தில் 12 ஆண்டுகளாக வேலை. முதுநிலை வடிவமைப்பு (எம்.டெஸ்.) படிக்க ஆசை. மனைவி வேலைக்குப் போகிறார். மகள் எட்டாம் வகுப்பு. இந்த வயதில் சரிப்படுமா?

பதில்: வயதை நினைத்துத் தயங்காதீர்கள். ஐஐடிகளின் எம்.டெஸ். சேர்க்கைக்கான சி.இ.இ.டி. தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. இந்தப் பட்டம் இல்லாததால் உங்களுக்கு எது தடைப்படுகிறது என்று முதலில் பாருங்கள்.

‘ஆர்க்கிடெக்ட்’ என்று பலகை மாட்டுவது நோக்கமானால் எம்.டெஸ். உதவாது. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி அதற்குப் பதிவு வேண்டும், பதிவுக்கு பி.ஆர்க். போன்ற படிப்பு வேண்டும். கூடுதல் கட்டணம் கேட்பதற்காக என்றால், வீட்டுக்காரர்கள் பார்ப்பது நீங்கள் முடித்துக் கொடுத்த வீடுகளைத்தான். கல்லூரியில் கற்பிக்க, அல்லது அறைகலன், பொருள் வடிவமைப்புக்கு மாற விரும்பினால் தாராளமாகப் படிக்கலாம்.

படிப்பு எப்படி இருக்கும்? செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, உள்ளே அச்சை நிறுத்தி, வண்ணச் சிமென்ட் கரைசலைக் கையால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை எடுத்துவிட்டு, காய்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையை நிரப்புகிறார்கள். கடைசியில் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையே இல்லை. அந்த வழவழப்பைத் தருவது கண்ணாடிதான். இன்று நீங்கள் அந்தக் கல்லை எங்கே பதிப்பது என்று முடிவெடுக்கிறீர்கள். எம்.டெஸ். மாணவரோ அதை ஊற்றுபவர் பக்கத்தில் உட்கார்ந்து, வண்ணம் அச்சின் எந்த ஓரத்தில் கசிகிறது, குனிந்தே வேலை செய்பவரின் முதுகு எப்போது வலிக்கத் தொடங்குகிறது என்று மாதக்கணக்கில் கவனிப்பார். வரைவார், மாதிரி செய்வார், உடைத்துவிட்டு மறுபடியும் செய்வார். அப்படி உங்களை விடாமல் அரிக்கும் கேள்வி ஒன்று இருக்கிறதா? ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் இந்த ஆண்டு வேண்டாம்.

பணத்தில் பெரிய அடி, கட்டணத்தைவிட, நின்றுபோகும் சம்பளம். ஐஐடிகளில் பெரும்பாலும் 2 ஆண்டுகள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் இரண்டரை. ஐஐடிகளில் தகுதி பெறுவோர் பலருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதில் வீடு நடக்காது. அடுத்த ஆண்டே சேர்ந்தால், மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்போது நீங்கள் வெளியூரில் இருப்பீர்கள். மனைவி என்ன சொல்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடம் முதலில் பேசுங்கள்.

சி.இ.இ.டி. தேர்வு ஜனவரியில் நடக்கும். வேலையில் இருந்தபடியே எழுதலாம். மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். இரண்டாம் பகுதியில் கையால் வரைய வேண்டும். கணினியில் வரைந்தே பழகிய கைக்கு இது சிரமம். இன்றே திண்ணைத் தூணிலிருந்து தொடங்குங்கள். நேர்காணலுக்குக் கொண்டுபோகும் தொகுப்பில் முடிந்த விடுதிகளின் படங்களை அடுக்காமல், நீங்கள் ஒதுக்கிய வரைபடங்களையும் ஒதுக்கிய காரணத்தையும் சேருங்கள். முதலாளியிடம் சொல்வதை, இடம் கிடைத்த கடிதம் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.