லாக் கோப்பை அழித்த பின்னும் டிஸ்க் இடம் ஏன் திரும்பக் கிடைப்பதில்லை?

பல ஜிபி அளவுக்கு வளர்ந்த உங்கள் வெப் சர்வரின் லாக் கோப்பை (நிரல் தன் நிகழ்வுகளைப் பதியும் கோப்பு) 'ஆர்எம்' கட்டளையால் அழித்த பிறகும், டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் 'டிஎஃப்' 100 சதவீதம் நிரம்பியதாகவே காட்டுகிறது, கோப்புகளின் அளவை 'டியு' கூட்டிச் சொல்லும் எண்ணோ மிகக் குறைவாக வருகிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நம்பலாம், அவை எண்ணும் பொருள்தான் வேறு.

யூனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. அடைவில் எழுதப்பட்டிருப்பது ஒரு பெயரும், அது சுட்டும் ஐநோடு (கோப்பின் விவரங்களைக் கொண்ட பதிவு) எண்ணும் மட்டுமே. 'ஆர்எம்' அந்தப் பெயரைத்தான் நீக்குகிறது. கடைசிப் பெயரும் போய், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசிப் புரோசஸும் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) அதை மூடிய பிறகே, இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த இடத்தை விடுவிக்கும். உங்கள் வெப் சர்வர் அதை இன்னும் திறந்து வைத்து, பெயரில்லாத அந்தக் கோப்பிலேயே தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. 'டியு' பெயர்களைப் பின்தொடர்ந்து கூட்டுவதால் அதைப் பார்ப்பதில்லை. 'டிஎஃப்' கோப்பு முறைமையின் மொத்தக் கணக்கைக் கேட்பதால் பார்க்கிறது.

இப்போதைக்கு, 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையை '+எல்1' தெரிவுடன் இயக்கினால், பெயர் நீக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் புரோசஸ்களும் தெரியும். அந்தப் புரோசஸை மறுதொடக்கம் செய்தால் இடம் உடனே திரும்பும். அதற்கு வழியில்லாத நேரத்தில், 'பிராக்' அடைவுக்குள் அந்தப் புரோசஸின் 'எஃப்டி' பகுதி (அது திறந்து வைத்திருக்கும் கோப்புகளின் பட்டியல்) வழியாகக் கோப்பின் நீளத்தைச் சுழியமாக்கலாம். ஆனால் அந்த நிரல் இறுதியில் சேர்த்து எழுதும் முறையில் கோப்பைத் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய இடத்திலிருந்தே எழுத்து தொடர்ந்து, முன்பகுதி வெற்றிடமாக இருக்கும் ஒரு பெரிய கோப்பு உருவாகும்.

நிரந்தரத் தீர்வுக்கு, லாக் கோப்புகளைச் சுழற்றும் கருவியான 'லாக்ரொட்டேட்' போதும், அதை முழுமையாக அமைத்தால். அது பழைய கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் புதியதை உருவாக்குகிறது. மேலே சொன்ன அதே காரணத்தால், பெயர் மாறிய பழைய கோப்பிலேயே நிரல் எழுதிக்கொண்டிருக்கும். ஆகவே 'போஸ்ட்ரொட்டேட்' பகுதியில் நிரலுக்குச் சிக்னல் அனுப்பி லாக்கை மீண்டும் திறக்கச் சொல்வது கட்டாயம்: என்ஜின்எக்ஸ் வெப் சர்வருக்கு 'யுஎஸ்ஆர்1', லாக்குகளைச் சேகரித்து அனுப்பும் ஆர்சிஸ்லாக்குக்கு 'ஹப்'. இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் 'காப்பிட்ரங்கேட்' என்ற லாக்ரொட்டேட் தெரிவு, கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைச் சுழியமாக்குகிறது. நகலெடுப்பதற்கும் சுழியமாக்குவதற்கும் இடையே எழுதப்பட்ட வரிகள் தொலைந்துபோகும். சிக்னலே புரியாத நிரலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பிழை நடந்த நொடியின் வரிகள்தான் பெரும்பாலும் தேவைப்படும், அவற்றை இழக்கும் ஏற்பாட்டை நான் ஏற்பதில்லை.

லாக்ரொட்டேட் அமைப்பில் 'சைஸ் 100எம்' (100 எம்பி) என்று எழுதிவிட்டால் கோப்பு அதைத் தாண்டாது என்று பலர் நினைக்கிறார்கள். லாக்ரொட்டேட் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல் அன்று. வழக்கமாக நாளுக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் கிரான் அல்லது சிஸ்டம்டி டைமர் அழைக்கும்போது மட்டுமே அளவைப் பார்க்கிறது. ஒரு மணி நேரத்தில் டிஸ்க்கை நிரப்பக்கூடிய லாக் என்றால் அதற்குத் தனி அமைப்புக் கோப்பு எழுதி, மணிக்கு ஒருமுறை இயக்க வேண்டும்.

லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சொந்த லாக்கான ஜர்னல் இவ்வகையில் குறைவான தொல்லை தருவது. இயல்பாகவே கோப்பு முறைமையின் 10 சதவீதத்துக்குள், அதிகபட்சம் 4 ஜிபிக்குள் அது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்; 'சிஸ்டம்மேக்ஸ்யூஸ்' அமைப்பு மூலம் இன்னும் குறைக்கலாம்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ்களில் லாக்ரொட்டேட்டின் இயல்பு அமைப்பு வாரம் ஒருமுறை சுழற்றி, நான்கு பழைய கோப்புகளை மட்டும் வைத்திருக்கும். உங்கள் நிறுவனம் இந்தியாவில் இயங்குகிறது என்றால், 2022 ஏப்ரலில், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட நெறிமுறைகள் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கின்றன. அவ்வளவையும் அதே சர்வரில் குவிக்காமல், ஆர்சிஸ்லாக் வழியாகத் தனியான லாக் சர்வருக்கு அனுப்புவது நல்லது. பழைய வழக்கமான யுடிபி முறையில் (போர்ட் 514) தொலைந்த பாக்கெட் தொலைந்ததுதான், தொலைந்ததை மீண்டும் அனுப்பும் டிசிபி பயன்படுத்துங்கள்.

அமைத்து முடித்ததும் லாக்ரொட்டேட்டை முதலில் '-டி' தெரிவுடன் ஒத்திகையாகவும், பிறகு '-எஃப்' தெரிவுடன் கட்டாயமாகவும் இயக்கி, புதிய வரிகள் புதிய கோப்பில்தான் விழுகின்றனவா என்று பாருங்கள். பழையதிலேயே விழுந்தால், சிக்னல் நிரலைச் சென்றடையவில்லை.