பிலிப்பைன்ஸின் பிபிஏ கூடைப்பந்து லீக்கில் ஒரே சீசனில் இரண்டு சாம்பியன்கள் எப்படி?

பிபிஏவில் ஒரு சீசன் என்பது ஒரே தொடர் அல்ல. கவர்னர்ஸ் கப், கமிஷனர்ஸ் கப், பிலிப்பைன் கப் என்று மூன்று தனித்தனிப் போட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பை. புள்ளிப்பட்டியலும் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்தே தொடங்கும். முதல் இரண்டிலும் அணிக்கு ஒரு வெளிநாட்டு வீரர் ஆடலாம். பிலிப்பைன் கப்பில் அவருக்கு இடமில்லை. அதனால்தான் உள்ளூர் ரசிகர்கள் இதையே பெரிதாக மதிக்கிறார்கள். அது நியாயமும்கூட.

2024-25 சீசனையே பாருங்கள். வெளிநாட்டு வீரராக ரோண்டே ஹாலிஸ்-ஜெஃபர்சன் ஆடிய டிஎன்டி அணி, முதல் இரண்டு கோப்பைகளையும் இறுதியில் பாரங்காய் ஹினேப்ராவை வீழ்த்தி வென்றது. மூன்றாவதில் அவர் இல்லை. இறுதியில் சான் மிகேல் அணி டிஎன்டியை 4-2 என்ற ஆட்டக் கணக்கில் வென்றது. மூன்றையும் ஒரே சீசனில் வெல்வதுதான் கிராண்ட் ஸ்லாம். 1975இல் தொடங்கிய லீக்கில் 1976, 1983, 1989, 1996, 2013-14 என ஐந்து முறைதான் அது நடந்திருக்கிறது.

புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்புவது காலிறுதி. பல தொடர்களில், லீக் சுற்றுப் புள்ளிப்பட்டியலில் மேலே முடித்த அணிக்கு ஒரு வெற்றி போதும். கீழே முடித்த அணி அதை இரண்டு முறை தோற்கடிக்க வேண்டும். எனவே லீக் சுற்றின் கடைசி ஆட்டங்களை அலட்சியப்படுத்தாதீர்கள்.