பெரிய கம்பெனி பில் 90 நாள் நிலுவை. இன்வாய்ஸ் ஃபேக்டரிங் (வராத பில்லை நிதி நிறுவனத்திடம் கொடுத்து முன்கூட்டியே பணம் வாங்குவது) செய்தால் கைப்புழக்கம் சரியாகுமா?

சரியாகும். ஆனால் யாரிடம், எந்த நிபந்தனையில் என்று பார்க்காமல் போனால் என் கதைதான்.

குன்னூரில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலர்களுக்குப் பல் வெட்டித் தருவது வேலை. கொழுந்து குவியும் மாதத்தில் ரோலரை "நாளைக்கே வேணும்" என்பார்கள். பில்லுக்கு மட்டும் 90 நாள். நீங்களும் இப்படித்தான் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு தோட்டக் கம்பெனியின் 4 லட்ச ரூபாய் பில்லை, கோவையில் ஒரு நிதி நிறுவனத்திடம் கொடுத்தேன். 80 சதவீதம், அதாவது 3,20,000 உடனே வந்தது. மாதம் 2 சதவீதம் வட்டி. மூன்று மாதத்துக்கு 19,200. அந்த வேலையில் எனக்கு நின்றதே 48,000 இருக்கும். போகட்டும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தேனே!

கம்பெனி 90 நாளில் கொடுக்கவில்லை. அப்போதுதான் ஒப்பந்தத்தில் 'வித் ரீகோர்ஸ்' என்று இருந்தது புரிந்தது: பில் பணத்தைக் கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்ட வேண்டும். வீட்டு நகை அடகுக்குப் போனது. அதற்குள் நிதி நிறுவனம் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜருக்கும் போன் போட்டுவிட்டது. அவர் என்னிடம், "கடன் வாங்கித்தான் பட்டறை நடத்துறீங்களா?" என்றார். தாமதம் அவருடையது, அவமானம் எனக்கு.

"பேங்க் ஓ.டி. (ஓவர் டிராஃப்ட் கடன்) வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்க வருபவர்களுக்கு: பட்டறை வாடகை இடம், வீடு கூட்டுப்பட்டா. எந்த மேனேஜர் தருவார்? "45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006 குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் இருக்கிறதே" என்பவர்களுக்கு: இருக்கிறது, மீறினால் கூட்டு வட்டியும் உண்டு. புகார் கொடுத்தால் அடுத்த ரோலர் என் பட்டறைக்கு வராது.

இப்போது ட்ரெட்ஸ் வழியாகச் செய்கிறேன். சிறு தொழில்களின் பில்லுக்கு வங்கிகள் பணம் தரும், ரிசர்வ் வங்கி அனுமதித்த இணையச் சந்தை அது, 2017 முதல் நடக்கிறது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வேண்டும். நம்மிடம் வேலை வாங்கிய கம்பெனிக்காரர் பில்லை ஒப்புக்கொண்டதும் வங்கிகள் போட்டிக்கு விலை சொல்லும். அவருடைய தகுதியைப் பார்த்து வட்டி என்பதால் எனக்குக் குறைவாகவே விழுகிறது. அவர் கட்டாவிட்டாலும் என்னிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2024இல் உத்தரவும் வந்தது. பதிவதுதான் கட்டாயம், உங்கள் பில்லை ஒப்புக்கொள்வது அவர்கள் மனசு. அந்தக் கட்டாயம் இல்லாத, கொழுந்து வாங்கி அரைக்கும் சின்னத் தொழிற்சாலைகளின் பில்லுக்கு இது உதவாது. அங்கே இன்றும் நேரில் போய் உட்கார்ந்துதான் வசூல்.